கொழுப்பு கொஞ்சம் அதிகம்

மார்ச் 4, செவ்வாய்

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னாடியே சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டபோது, வரிசையில் நின்றபடியே வண்டி கழுவுகிற வாளியிடம் சொன்னேன்: "பாரு, எனக்கு வெயில் பத்தலைன்னுதான் வரும்."

(வாளி அவன் பெயரில்லை. கையில் வாளி இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் இந்தக் கட்டடத்தில் யாருமில்லை.)

"உங்களுக்கு என்னண்ணே பத்தலை? எல்லாம் வயித்துலயே இருக்கே" என்றான்.

இன்று ரிசல்ட் வந்தது. வைட்டமின் டி தரையோடு தரை. சொன்னேனா இல்லையா?

கூடவே இன்னொன்றும் வந்தது. எடை அதிகம், ரத்தத்தில் கொழுப்பு அதிகம். அதை நான் முன்னாடி சொல்லவில்லைதான். கண்ணாடி இருக்கும்போது அதற்கு ஜோசியம் எதற்கு?

வெயில் எங்கிருந்து வரும்? இத்தனை வருஷமாகப் பூமிக்குக் கீழே உத்தியோகம். கடைகளும் ஆபீஸ்களும் உள்ள பெரிய கட்டடம். அதற்குக் கீழே மூன்று மாடி கார் பார்க்கிங். அதற்கு நான் சூப்பர்வைசர். கண்ணாடிக் கூண்டு, குழல் விளக்கு, பெட்ரோல் வாசனை. காலையில் நான் இறங்கும்போது சூரியன் ஏறியிருக்காது, நான் ஏறும்போது அது இறங்கியிருக்கும். எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஒன்று, நான் விசில் ஊதினால் எந்த வண்டியும் நிற்கும். ஒரு தடவை பிரேக் போன வண்டியே நின்றிருக்கிறது.

குடும்பத்தாரும் முகாமுக்கு வரலாம் என்றதால் தங்கச்சியையும் கூட்டிப் போயிருந்தேன். நான் அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறேன். மச்சான் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு முறை விருந்தாளி மாதிரி வந்துபோவார். தங்கச்சி வண்டிகளுக்கு சீட் உறை தைக்கும் கடையில் நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவள். அவளுக்கும் வெயில் கிடையாது. அவளுக்கு என்னைவிடக் கொழுப்பு இரண்டு மடங்கு.

ரிசல்ட்டைப் பார்த்துச் சொன்ன டாக்டரம்மா சின்ன வயசு. அந்தக் கொழுப்புக்கு ட்ரைகிளிசரைடு என்று பெயராம். தங்கச்சி காதில் விழுந்தது ட்ரை கிளி. "காய்ஞ்ச கிளியா டாக்டர்?" என்று கேட்டாள். அறையில் இருந்த நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிளி. எனக்குக் கிளி முந்நூறு சொச்சம். அவளுக்கு எழுநூறு.

"வீட்ல யாருக்காவது இதயக் கோளாறு இருந்துச்சா?"

பெரியண்ணன் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாதிச் சவரம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஒரு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது.

தங்கச்சிதான் கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாரம் ஒரு வைட்டமின் காப்ஸ்யூல், கிளிக்குத் தினம் ஒரு ரோஸ் நிற மாத்திரை, நடை, பொரித்ததும் இனிப்பும் குறைக்க வேண்டும். தங்கச்சியைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்: "உங்களுக்கு இருக்கிற அளவுக்கு மாத்திரையை விடவே கூடாது. இன்னும் ஏறினா கணையம் வீங்கிடும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வரணும். ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும் என்பதை ஏன் இரண்டு தடவை சொன்னார்? எங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?

மார்ச் 5, புதன்

ராத்திரி சாப்பாட்டில் பெரிய விவாதம். ஜெயித்தது நான்.

டாக்டரம்மா போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டார். மற்றவர்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இந்த வைட்டமின் கொழுப்பைக் கரைக்கிறதாம்! அப்புறம் எதற்குத் தனியாக ஒரு ரோஸ் மாத்திரை? ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவியா?

தங்கச்சி மகள், எனக்கு மருமகள், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அதனால் உலகத்தில் எல்லா மருந்தும் தனக்குத்தான் சொந்தம் என்ற நினைப்பு.

"மாமா, கொழுப்பைக் கரைக்கும் இல்ல. கொழுப்பில் கரையும்."

"ரெண்டும் ஒன்னுதானே."

"உப்பு தண்ணியில கரையுது. அதுக்காக உப்பு தண்ணியைக் கரைச்சிடுமா?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். எனக்கு ஒரு நொடி பதில் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் வேண்டுமென்றே பொறுமையாக இருந்தேன்.

"அது எண்ணெயில ஊறுற மாதிரி மாமா. உடம்புல கொழுப்பு அதிகமா இருந்தா இந்த வைட்டமின் அதுக்குள்ள போய்ப் படுத்துக்கும். ரத்தத்துல குறைவாத் தெரியும். குண்டா இருக்கிறவங்களுக்குக் கூடுதலாவே தேவைப்படும்."

"யாரைக் குண்டுங்கிற?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா என்னையே பார்த்துச் சொல்ற."

விவாதம் அத்தோடு முடிந்தது. இலக்கணம் படித்தவளுக்கு வைத்தியம் வராது.

மார்ச் 9, ஞாயிறு

சரித்திரத்தில் குறிக்க வேண்டிய நாள். ஞாயிறும் டியூட்டி இருந்தது. பகலில் எல்லாரும் பார்க்க, இரண்டாம் கீழ்த்தளத்தில் வண்டி கழுவுகிற தண்ணீர் ஓடும் வடிகாலில், ரோஸ் மாத்திரை அட்டையை அப்படியே தூக்கிப் போட்டேன். வாளி சாட்சி. இரண்டு டிரைவர்கள் சாட்சி. "இனிமே வைட்டமினும் வெயிலும்தான். மூணு மாசத்துல கிளியைப் பிடிச்சுக் கூண்டுல போடறேன், பார்" என்றேன். ஒரு டிரைவர் கை தட்டினார். இன்னொருவர் வடிகால் அடைத்துக்கொள்ளப் போகிறது என்றார். சில பேருக்கு எதிலும் நல்லது தெரியாது.

வீட்டில் வந்து சொன்னேன். தங்கச்சி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா அண்ணா? ஒன்னுகூட இல்லையா?"

"ஒன்னுகூட இல்ல."

"எனக்கு அதைப் போட்டா தொடையெல்லாம் குடையுது" என்றாள். அப்புறம் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

வெயில் வைத்தியம் ஆரம்பம். கூண்டில் ஆளை மாற்றி உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிப் பார்க்கிங்குக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். சட்டைக் கையை மடித்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஆஹா! வைட்டமின் இறங்குவதே தெரிகிறது, முட்டியில் ஒரு சுருக்.

வாளி வந்து பார்த்தான். "அண்ணே, காயப் போட்ட போர்வை மாதிரி இருக்கீங்க."

மார்ச் 19

மூக்குத் தோல் உரிகிறது. வெற்றியின் முதல் அடையாளம்.

மார்ச் 28, வெள்ளி

மேனேஜரின் சதி. (கழுத்தில் எப்போதும் டை. சாப்பிடும்போது அதைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொள்வார்.) லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமாம். "நீங்க நாற்காலியோட ஏறுறதைப் பார்த்து ஒரு அம்மா புகார் பண்ணியிருக்காங்க."

"நடந்தே போறேன் சார்" என்றேன். "இந்தச் சரிவுப் பாதையில ஓடுற வண்டிக்கெல்லாம் வழி சொன்னவன் நான். எனக்கே வழி தெரியாதா?"

கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை வண்டி ஏறுகிற சரிவில் சுற்றிச் சுற்றி நடந்தே போனேன். நடுவில் மூச்சு வாங்கியது என்பது வதந்தி. நின்றது உண்மை, ஒரு வண்டி கோணலாக நிறுத்தியிருந்தது, அதைப் பார்க்க நின்றேன்.

இனி தினமும் நடைதான். எவன் தடுக்கிறான் பார்க்கலாம்.

ஏப்ரல் 2

மாடியில் டீக்கடை கிடையாது. மத்தியான டீ, அதோடு வழக்கமான பொரித்ததும், போச்சு. போகட்டும். தியாகம் இல்லாமல் எந்த வைத்தியம் நடந்திருக்கிறது?

ஏப்ரல் 11, வெள்ளி

எனக்கு சிஷ்யர்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலாளிக்காகக் காத்துக்கிடக்கும் டிரைவர்கள் நாலைந்து பேர் என்னோடு மாடியில் வரிசையாக உட்காருகிறார்கள். நான் விளக்குகிறேன்: தோலில் வெயில் பட்டதும் வைட்டமின் உண்டாகி, நரம்பு வழியாக வயிற்றுக்குப் போய், அங்கே கொழுப்பைப் பிடித்து உலுக்கும். "உலுக்குமா?" என்று ஒருவர் கேட்டார். "பின்னே, கொஞ்சுமா?" என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் வெயில் வேலைக்காகாது என்றும் சொன்னேன். இது மட்டும் மருமகள் சொன்னது. அவள் பெயரைச் சொல்லவில்லை. வைத்தியர்களுக்குள் அதெல்லாம் பார்க்க முடியாது.

ஏப்ரல் 30, புதன்

பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போய்விட்டது!! வீட்டில் எல்லாருக்கும் பெல்ட்டைக் கழற்றிக் காட்டினேன்.

"நல்லா இருக்கு மாமா. நீங்க தினம் அந்தச் சரிவுல ஏறி இறங்குறீங்க, பொரிச்சதை விட்டுட்டீங்க. அதான்" என்றாள் மருமகள்.

"வைட்டமின்."

"மாமா, மழை நாள்ல உங்க பார்க்கிங்ல வண்டி நிறைய வரும். ஈரக் குடையும் நிறைய வரும். குடைதான் வண்டியைக் கூட்டிட்டு வந்துச்சுன்னு சொல்வீங்களா?"

"குடை எதுக்கு இப்ப?"

"எடை அதிகம், ரத்தத்துல கொழுப்பு அதிகம், வைட்டமின் டி கம்மி. பல பேருக்கு இந்த மூணும் ஒன்னாத் திரியும். யாரு யாரைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. வைட்டமின் போட்டா எலும்புக்கு நல்லது. கிளி பறந்துடும்னு யாரும் எழுதிக் கொடுக்கல."

"மூணு திருடன் ஒன்னாத் திரிஞ்சா ஒருத்தனைப் பிடிச்சாப் போதும். மத்த ரெண்டு பேரையும் அவனே காட்டிக் கொடுப்பான்."

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தங்கச்சி மட்டும் என் பெல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாத்திரையே இல்லாம" என்றாள், தனக்குத்தானே.

அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். அதுவும் என் சாதனைதான்.

மே 18

தங்கச்சிக்கு வயிறு மந்தம். கடையில் யாரோ பிறந்தநாள் என்று கேக் கொடுத்தார்களாம். ரெண்டு துண்டு. திட்டினேன்.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று மாதம் ஆயிற்று. ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்தியவர் என் நரம்பைப் பார்த்து இந்த வயதில் இப்படி நரம்பா என்று அசந்துபோனார். (ஊசி குத்த நரம்பு கிடைத்தது என்றார். அதே அர்த்தம்தான்.)

தங்கச்சி வரவில்லை. அவசரத் தையலாம், நாளைக்கு வருகிறாளாம். டாக்டரம்மா ரெண்டு பேரும் என்றுதான் சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

ஜெயித்தேன்! கிளி நூற்று அறுபதுக்கு வந்துவிட்டது! வைட்டமின் ஏறிவிட்டது! எடை குறைந்திருக்கிறது!

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்கீங்க" என்றார்.

"வெயில், டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் ஒரு மாதிரி பார்த்தேன். "தங்கச்சி எங்க?" என்றார்.

கீழ்த்தளம் முழுக்கச் செய்தி பரவியது. நான்தான் பரப்பினேன். வாளி தண்ணீர்க் குழாயை மேலே பார்த்துப் பீய்ச்சிக் கொண்டாடினான். மேனேஜர்கூட டையைத் தளர்த்திக்கொண்டு, "தினமும் எத்தனை மணிக்கு உட்காரணும்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே கத்தினேன். "ஒரு மாத்திரை இல்ல! ஒன்னுகூட இல்ல!"

தங்கச்சி முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. "அப்பாடா. அப்ப நான் பண்ணதும் சரிதான்" என்றாள்.

"நீ என்ன பண்ண?"

"நீ வடிகால்ல போட்ட அன்னிக்கே நானும் நிறுத்திட்டேன்ல. சொன்னா உன் மருமக குதிப்பா. அதான் சொல்லலை. அண்ணனுக்கு ஒத்துக்கிட்டா எனக்கும் ஒத்துக்கும், ஒரே ரத்தந்தானே."

சிரித்தாள். நானும் சிரித்தேன்னு நினைக்கிறேன். நாளைக்கு முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னேன். அதுக்கு மேல ஏன் எதுவும் சொல்லலை? வாயில என்ன இருந்துச்சு? அவ்வளவு பெரிய வாய்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் தங்கச்சி சமையலறையில் கீழே உட்கார்ந்துட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிமிரவே முடியலை. வலி முதுகுக்குப் போகுதுங்கிறா. வாந்தி. வாடகைக் கார்க்காரன் சிக்னல்ல நின்னான், நான் ஜன்னல்ல தலையை விட்டு விசில் ஊதினேன். எவனும் நகரலை. ஒருத்தனும் நகரலை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மருமகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. குழாய்க்குள்ள மேல பால் மாதிரி வெள்ளையா மிதக்குது. ரத்தத்துல பால். கிளி ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சாம். கணையம் வீங்கியிருக்கு. டாக்டரம்மா சொன்னது அப்படியே. ரெண்டு பேரும் வரணும்னு ரெண்டு தடவை சொன்னாரு.

"அம்மா மாத்திரையை விட்டிருக்காங்க மாமா. மூணு மாசமா. நான் கடையில இருந்து கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் தலையணை உறைக்குள்ள தைச்சு வச்சிருக்காங்க." அழலை அவ. அழுதிருக்கலாம். "நீங்க நிஜமாவே மாத்திரை இல்லாமத்தான் குறைச்சீங்களா?"

ஆமான்னு சொன்னேன்.

ஆமான்னு சொன்னேன்.

ஜூன் 7

வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாதாம். நரம்பு வழியாக ட்ரிப்ஸ்தான் போகிறது. தூங்குகிறாள். ஒரு கன்னம் தலையணையில் அழுந்தியிருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

ஜூன் 8

வலி குறைந்திருக்கிறதாம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முதல் பேச்சு: "மூக்கு ஏன் இப்படிக் கருத்துக் கிடக்கு?" பிழைத்துவிடுவாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று கஞ்சி கொடுத்தார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். நான் நேற்றே சொல்லிவிட்டேன்.

நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தாள். தொடை வலி என்று முன்னமே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போமே என்று டாக்டர் சொல்லி, இந்தத் தடவை வேறு மாத்திரை. தங்கச்சி வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அம்மா, போடும்மா" என்றாள் மருமகள்.

"அண்ணன் போட்டானா? அவனுக்கு எப்படிக் குறைஞ்சுது? நான் கேக் தின்னேன், அதான் ஏறிடுச்சு. இனிமே தின்னலை. வெயில்ல இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்றேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். சும்மா அடித்துக்கொண்டிருந்தது. அதனால் ஒரு உதவியும் இல்லை.

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ரோஸ் மாத்திரை அட்டை. பாதிக்கு மேல் குழி காலி. இன்றைக்கு உள்ளதை அழுத்தினேன், டப்பென்று சத்தம். தங்கச்சியின் டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றி, அவள் கண் எதிரில் விழுங்கினேன்.

தங்கச்சி அட்டையை வாங்கிக் காலிக் குழிகளை எண்ணினாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள் தங்கச்சி.

"முதல் நாள்லேர்ந்து. கூண்டுல முதலுதவிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். அதை அந்தக் கட்டடத்துல யாரும் திறந்ததே இல்ல."

"என் கடையில நீங்க வாங்கவே இல்லையே" என்றாள் மருமகள்.

"எதிர்க் கடையில வாங்கினேன்."

"எதிர்க் கடையிலயா!" அவளுக்கு அதுதான் பெரிய துரோகமாகப் பட்டது.

"அப்ப ஏன்டா ஊரெல்லாம்..." என்று ஆரம்பித்த தங்கச்சி நிறுத்திவிட்டாள். இத்தனை வயதில் என்னை அவள் டா போட்டது இதுதான் முதல் தடவை. நான் என்ன சொல்ல? பெரியண்ணனின் அந்த நுரை காய்ந்த கன்னம் ஞாபகம் வரும், கை தானாக அட்டையை எடுக்கும். அதைப் போய் வாளியிடம் சொல்ல முடியுமா? பயம் என்று எழுத மாட்டேன். ஜாக்கிரதை.

"சாரி" என்றேன். எனக்கு அந்த வார்த்தை அதிகம் பழக்கமில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

தங்கச்சி மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கி முடிக்கிற வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"உனக்குக் கொழுப்புண்ணா."

"அதான் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காங்களே" என்றேன்.

சிரித்தாள், சிரித்ததில் வயிறு வலித்து "ஐயோ" என்றாள், நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். வராந்தாவில் மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கரையும் மாமா. கரைக்கும் இல்ல" என்றாள். "சரி" என்றேன். இலக்கணத்துக்காக மட்டும்.

ஜூன் 16, திங்கள்

தங்கச்சி வீட்டுக்கு வந்து இரண்டு நாளாயிற்று. சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருடைய அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. நான் விழுங்குவதை அவள் பார்க்கிறாள், அவள் விழுங்குவதை நான் பார்க்கிறேன். சாயந்திரம் தெருக்கோடி வரை நடக்கிறோம். அவள் மெதுவாக நடக்கிறாள். நானும் மெதுவாகத்தான், அவளுக்காக.

வாளியிடமும் டிரைவர்களிடமும் இன்று மாடியில் வைத்துச் சொல்லிவிட்டேன். மாத்திரையை எவனாவது நிறுத்தியிருந்தால் போய் டாக்டரைப் பார் என்றேன். ஒருவர் நிறுத்தியிருந்தார். போய்விட்டு வந்தார். வாளி கேட்டான்: "அப்ப அன்னிக்கு வடிகால்ல போட்டது என்னண்ணே?"

மார்ச் 9-ஆம் தேதியை இப்போது திருப்பிப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, அடிக்க மனசு வரவில்லை. இருக்கட்டும். ஆனால் அதில் ஒன்று மட்டும் இட்டுக்கட்டியது. அன்று வடிகாலில் போனது புதினா மிட்டாய் அட்டை. அதுவும் காலி.

மற்றதெல்லாம் நிஜம். பிரேக் போன வண்டி நின்றதும் நிஜம்.